இரண்டாவது பை

மாப்பிள்ளையின் வயிற்றில் ஊசி போடுகிற வேலை மாமியார் தலையில் வந்து விழுந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மகளுக்கு ஊசியைக் கண்டாலே கண் இருட்டிக்கொண்டு வரும். சின்ன வயதில் தடுப்பூசி வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தவள் அவள். மாப்பிள்ளைக்கோ மருந்து ஏற ஏற விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போடுவதே பெரும்பாடாக இருந்தது. ஊசிக்காகத் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம் என்றால், ஒரு காலை ஊன்ற முடியாதவனை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி ஏற்றுவது யார்? அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஊர் லிஃப்ட்டுகளில் பாதி அவன் கை பட்டுத்தான் ஏறி இறங்கின. அவன் குடியிருந்த கட்டடத்துக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது.

ஆக, ஒரு மத்தியானம் நர்ஸ் ஒருத்தி மாமியாரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"தோலை ரெண்டு விரலால கிள்ளிப் பிடிச்சுக்கங்க. பயப்படாம குத்துங்க."

"எனக்கென்ன பயம்? குத்து வாங்கப்போறவரைக் கேளுங்க" என்றாள் மாமியார்.

அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். எதிரில் நிற்கிற ஆளின் முகத்தை முதலிலும் கையைப் பிறகும் பார்க்கிற பழக்கம் வேலையோடு போய்விடவில்லை. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை அவளுக்கு 'செக்கிங்' என்று பெயர் வைத்திருந்தான். "செக்கிங் வருது, காலைக் கீழ போடு" என்று அவன் மகளிடம் கிசுகிசுத்தது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவளும் சும்மா இருந்தவளில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, "இவன் சிரிச்சுச் சிரிச்சே காரியம் சாதிக்கிற ஆளு" என்று முகத்தைச் சுளித்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் மரியாதைக்குக் குறைவில்லாமல் இருந்தார்கள். "வாங்க மாப்பிள்ளை." "நல்லா இருக்கீங்களா அத்தை?" அதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை.

தொடை வலிக்கிறது என்று அவன் சொன்னபோது, லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்கியதில் சுளுக்கிக்கொண்டதாக எல்லாரும் நினைத்தார்கள். மாதக்கணக்கில் களிம்பு தேய்த்தான். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது எலும்பில் கட்டி. புற்றுநோய்தான், சார்கோமா என்றார்கள். அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்க வீட்டில் எல்லாருக்கும் ஒரு வாரம் பிடித்தது. கீமோ ஆரம்பித்தது. மகளுக்கு விமான நிலையத்தில் பெட்டி எடை போடும் கவுன்ட்டரில் வேலை. இருந்த லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு கிளம்பி வந்தாள் அம்மா. மழை போய் வெயில் வந்து, மறுபடி மழை வரப்போகிறது. அவள் இன்னும் அந்தப் பையிலிருந்துதான் துணி எடுத்து உடுத்திக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை கீமோவுக்குப் பிறகு டாக்டரம்மா புதிதாக ஒன்றைச் சொன்னார்.

"கடைசியில ஒரு பெரிய டோஸ் குடுக்கலாம்னு இருக்கோம். அது கட்டியை மட்டும் அடிக்காது, எலும்பு மஜ்ஜையையும் துடைச்சு எடுத்துடும். அப்புறம் ரத்தம் ஊறாது. அதனால, ரத்தத்தை ஊற வைக்கிற செல் இருக்கு பாருங்க, ஸ்டெம் செல், அதை இப்பவே கொஞ்சம் எடுத்து உறைய வச்சுக்கறோம். பெரிய டோஸ் முடிஞ்சதும் திருப்பி ஏத்திடுவோம்."

"எங்கிருந்து எடுப்பீங்க?" என்று கேட்டான் மாப்பிள்ளை. இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"எலும்பைக் குத்த மாட்டோம். ரத்தத்துலருந்துதான். கீமோ முடிஞ்சு உடம்பு மறுபடி எழுந்திரிக்கிற நேரத்துல இந்த ஊசியும் போட்டா, மஜ்ஜைக்குள்ள இருக்கிறது ரத்தத்துக்கு வந்துடும். மெஷின்ல வடிகட்டிக்குவோம்."

அப்படித்தான் அந்தச் சாயங்கால ஊசிகள் வந்தன. மாமியார் மருந்தை முன்னதாகவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வாள். குளிர்ச்சியோடு போட்டால் எரிகிறதாம். மாப்பிள்ளை சட்டையை ஒரு சாண் தூக்கிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். மாமியாருக்கு முன்னால் வேட்டியைக் கூட மடித்துக் கட்டாத ஆள். அவளும் அந்த ஒரு சாண் தோலைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வேலையை முடிப்பாள்.

"ஆச்சா அத்தை?"

"அப்பவே ஆச்சு."

"போட்டதே தெரியல." பொய். அவன் கால் விரல்கள் மடங்குவது அவள் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

நாலைந்து ஊசிக்குப் பிறகு வலி வந்தது. இடுப்பெலும்பு, முதுகு, நெஞ்செலும்பு என்று ஒவ்வோர் இடமாக உள்ளிருந்து இடித்தது. நல்ல அறிகுறிதான், செல் ஏறுகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "நல்ல அறிகுறின்னா இப்படியா இருக்கும்? கெட்ட அறிகுறியே தேவலாம் போலருக்கு" என்றான் மாப்பிள்ளை. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. அது போனபிறகுதான், வீட்டில் இவ்வளவு நாள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அதுதான் என்று மாமியாருக்குப் புரிந்தது.

ஊசிக்காக இறங்காத படியை ரத்தப் பரிசோதனைக்காகத் தினமும் விடிந்ததும் இறங்க வேண்டியிருந்தது. அவன் ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இறங்குவான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு தடவை நிற்பார்கள். மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்று பேர்; உண்மையில் மாமியாரின் முட்டிதான் நிற்கச் சொன்னது. கீழே வாடகைக் கார். ஆஸ்பத்திரி நடைபாதையில் நெடுநேரம் காத்திருந்தால், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பதில் வரும்: "இன்னும் ஏறலம்மா. நாளைக்கு வாங்க." திரும்பவும் கார். திரும்பவும் மூன்று மாடி. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், "இன்னைக்கு எடுத்துடலாம், உள்ள வாங்க" என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷப்படுவதற்குக் கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

செல் எடுக்கிற அறை குளிர்ந்து கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷின். அதன் வயிற்றில் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடின. அதை ஓட்டுகிற நர்ஸை நோயாளிகள் எல்லாரும் மெஷின் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் மாப்பிள்ளையின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கழுத்துல குழாய் போட வேண்டியிருக்குமோன்னு பயந்தேன். கீமோவுக்கப்புறமும் நரம்பு இப்படி இருக்கே! என்ன வேலை பாக்கிறீங்க?"

"லிஃப்ட் கம்பி இழுக்கிற வேலை, அக்கா."

"அதான். இழுத்தது வீண் போகல."

வெகு நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. இரண்டு முழங்கை மடிப்பிலும் பருத்த ஊசிகள் இறங்கின. ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போகும். அங்கே சுழன்று வேண்டியது பிரிந்ததும், மிச்சம் மறு கை வழியாக உடம்புக்குத் திரும்பும். கைகளை மடக்கவே கூடாது, மத்தியானம் வரை ஆகும் என்றாள் மெஷின் அக்கா. மேலே ஒரு சின்னப் பையில் செம்மண் கலங்கின மாதிரி ஏதோ சொட்டுச் சொட்டாகச் சேரத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவன் உதடு மதமதவென்றது. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று கால்சியம் ஏற்றினாள் மெஷின் அக்கா. அது அடங்கியதும் வேறொரு வேதனை. அவன் மூக்கை இப்படிச் சுருக்கினான், அப்படிச் சுருக்கினான், தலையணையில் தேய்க்கப் பார்த்தான்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அத்தை."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, முந்தானை நுனியால் அவன் மூக்கைப் பரபரவென்று தேய்த்துவிட்டாள். "இதுக்கு என்ன வெக்கம்?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றான் அவன், கண்ணை மூடிக்கொண்டு.

ஆனால் மூக்கோடு போகவில்லை. ஏற்றின மருந்தும் உப்புத்தண்ணீரும் வேலையைக் காட்ட, அவன் நெளிய ஆரம்பித்தான். உதவியாளர் சாப்பிடப் போயிருந்தார். மெஷின் அக்கா பக்கத்துக் கட்டிலில் கத்திக்கொண்டிருந்த இன்னொரு மெஷினைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அடக்கிக்கிறேன் அத்தை."

"எவ்ளோ நேரம் அடக்குவீங்க?" மாமியார் திரையை இழுத்துவிட்டாள். கட்டிலுக்கடியில் இருந்த பிளாஸ்டிக் குடுவையை எடுத்தாள். போர்வைக்குள் கையை விட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, தடவித் தடவி ஒருவழியாகக் காரியத்தை முடித்தாள். அவன் அந்த நேரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. அதையும் துடைக்க அவனுக்குக் கையில்லை.

"மன்னிச்சிருங்க அத்தை."

"எதுக்கு? ராத்திரி வண்டியில நான் பாக்காததையா நீங்க காட்டிட்டீங்க?"

அவன் சிரிக்கவில்லை.

வீடு வந்து சேர்ந்து, அவனைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, அவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை, ஃபோன் அடித்தது. மெஷின் அக்கா.

"எண்ணிப் பாத்தோம்மா. பாதிதான் வந்திருக்கு. நாளைக்கும் ஒரு தடவை எடுக்கணும். சாயங்காலம் ஊசியை மறந்துடாதீங்க."

ஃபோனில் வந்ததை மாமியார் சொல்ல, மாப்பிள்ளை கேட்டுக்கொண்டான். இரண்டு முழங்கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கைகளை அவன் இன்னும் நீட்டியே வைத்திருந்தான், மடக்கலாம் என்பதையே மறந்துபோன மாதிரி.

"நான் வரல" என்றான்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"போதும் அத்தை. எடுத்தவரைக்கும் இருக்கட்டும். உங்க பொண்ணுகிட்ட நீங்க சொல்லாதீங்க. வந்ததும் நானே சொல்லிக்கிறேன்."

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரே நாள்தானே, மகள் முகத்துக்காகவாவது என்று சொல்ல வேண்டியதெல்லாம் மாமியாருக்குத் தெரியும். வாயைத் திறந்தபோது, "சரி" என்றுதான் வந்தது.

சமையலறைக்குள் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள். நாளைக்குப் படி இறங்க வேண்டாம். விடிகிற வரைக்கும் தூங்கலாம், விடிந்த பிறகும் தூங்கலாம். அந்த நினைப்பு தோளிலிருந்து முதுகு வழியாக இறங்கி, உடம்பெல்லாம் அப்பாடா என்றிருந்தது. பிறகுதான், இந்த 'அப்பாடா'வுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். மகளின் முகம் இருந்தது. சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. அவள் குழாயை மூடினாள்.

ஈரக் கையோடு போய் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வரலைன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நாளைக்குப் படி இறங்க வேணாம்னு முதல்ல தோணுச்சு. உங்களுக்கு என்ன ஆகும்னு அப்புறமாத்தான் தோணுச்சு. மொதல்ல என் முட்டி, பின்னாடிதான் நீங்க. அவ்ளோ அலுத்துப்போயிட்டேன்."

திடீரென்று அவனுக்குச் சிரிப்பு வெடித்தது. இடுப்பு வலித்ததால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, அம்மா" என்று நடுநடுவே முனகிக்கொண்டு சிரித்தான்.

"எனக்கு உடம்புக்கு வந்ததுலருந்து என்கிட்ட உண்மையைச் சொன்ன முதல் ஆளு நீங்கதான் அத்தை. ஃபோன் பண்றவன் எல்லாம் 'உன் தைரியம் யாருக்கு வரும்'னு சொல்லிச் சொல்லியே உயிரை எடுக்கிறான்."

"தைரியமா? உங்களுக்கா? தினமும் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவருக்கு?"

"அதைச் சொல்லுங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு குரல் இறங்கியது. "சாகணும்னு எனக்கு ஆசையில்ல அத்தை. ஒரே ஒரு நாள். யாரும் என்னைக் குத்தாம, தூக்காம, 'எப்படி இருக்கு'ன்னு கேக்காம, ஒரு நாள் சும்மா கிடக்கணும். அதுக்கப்புறம் எங்க வேணாலும் கூப்பிடுங்க, வரேன்."

அதில் ஒன்றும் தப்பிருப்பதாக அவளுக்குப் படவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு விட்டு நாளன்றைக்கு வரலாமா என்று கேட்டாள்.

"முடியாதும்மா" என்றாள் மெஷின் அக்கா. அவள் குரலும் களைத்துத்தான் இருந்தது. "ஏறின செல் ஏறினபடியே நிக்காது, இறங்கிடும். விட்டா அடுத்த கீமோ முடிஞ்சு, மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும். அப்ப இந்த அளவுக்காவது வருமான்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு கீமோவுக்கும் மஜ்ஜை சோர்ந்துக்கிட்டேதான் வரும்."

ஃபோனை வைத்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடியே அவனிடம் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"குத்தாம இருக்கிறது என் கையில இல்ல மாப்பிள்ளை. ஆனா ஒண்ணு செய்றேன். நாளைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினதுலருந்து திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தர் உங்ககிட்ட வாயைத் திறக்காம பாத்துக்கறேன். நானும் பேச மாட்டேன். நீங்க பாட்டுக்கு மெஷின்ல படுத்துத் தூங்குங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானும் தூங்குவேன்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். எதிர்க் கட்டட மாடியில் யாரோ காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போர்வை மடிந்து முடிந்தது.

"ஊசியை வெளிய எடுத்து வைங்க அத்தை" என்றான் கடைசியில். "சில்லுனு போட்டுடாதீங்க."

மறுநாள் அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். "எப்படி இருக்கு தம்பிக்கு?" என்று படிக்கட்டில் ஆரம்பித்த பக்கத்து வீட்டுக்காரரை, உள்ளங்கையை உயர்த்தி அப்படியே நிறுத்தினாள். கார்க்காரரிடம் பாட்டை அணைக்கச் சொன்னாள். மாமியார் போய்க் காதில் ஏதோ ஓதியதும், மெஷின் அக்கா தலையை ஆட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினாள். உதவியாளரிடம் இடத்தை விட்டு நகரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாகிவிட்டது. மெஷின் ஒரே சீராக உறுமியது. மாப்பிள்ளை இரண்டு கையையும் விரித்தபடி தூங்கிப்போனான். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்தாள். அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

காலை ஷிஃப்ட் முடிந்து மகள் நேரே அங்கே வந்தாளாம். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு, போட்டி போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்களாம். எழுப்பப் போனவளை மெஷின் அக்கா தடுத்துவிட்டாள். "வேணாம், விடுங்க. உங்கம்மா உத்தரவு." மகள் சீருடையோடு வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதல் நாள் சாயங்காலம் நடந்ததை இருவரில் யாருமே அவளிடம் சொல்லவில்லை. பின்னாலும் சொல்லவில்லை.

இரண்டாவது பை போதுமான அளவுக்கு நிறைந்தது. கணக்கு சரியாகிவிட்டது, இனி எடுக்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா. இரண்டு பையும் உறைகிற குளிருக்குள் போயின.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. இன்னும் சில கீமோ இருந்தது. தொடையெலும்பை அறுத்தெடுத்து உலோகம் வைத்தார்கள். பிறகு, சொன்னபடியே அந்தப் பெரிய டோஸ். அதற்கென்று ஒரு மூடிய அறை. உள்ளே போகிறவர்களுக்கு முகமூடி, மேலங்கி. மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் வெந்துபோய், எச்சில் விழுங்குவதற்கே மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. உறைந்து கிடந்த பைகளை வெந்நீரில் இளக்கிக் கொண்டுவந்து அவன் நரம்பில் விட்டார்கள். உறைய வைக்கச் சேர்த்த மருந்தின் வாடை, வேகாத பூண்டு மாதிரி, அவன் மூச்சிலிருந்தே வந்து அறை முழுக்க நின்றது. ஏற்றி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இவ்வளவு பாடுபட்டு எடுத்தது இவ்வளவு சுருக்காக உள்ளே போய்விடுகிறதே என்று கண்ணாடிக்கு வெளியே நின்ற மாமியாருக்கு ஏமாற்றமாகக் கூட இருந்தது.

அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை, காத்திருப்பதுதான். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, தினமும் புதுச் செல் இல்லை என்றார்கள். ஒரு நாள் காலையில் கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். மகள் நடைபாதையில் சுவரில் சாய்ந்தவாறே சரிந்து, தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

இப்போது மாப்பிள்ளை கோல் ஊன்றி நடக்கிறான். லிஃப்ட் குழிக்குள் இனி இறங்க முடியாது. கம்பெனியில் அவனை ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எங்காவது லிஃப்ட் நடுவில் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறினால், ஆள் வந்து திறக்கிற வரைக்கும் அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது அவன் வேலை. ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. 'இப்போதைக்கு' என்ற சொல்லை டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்கிறார். வீட்டிலும் அதைச் சேர்த்தே சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

மாமியார் தன் ஊருக்குத் திரும்பிய அன்று வீட்டில் ஒட்டடை தொங்கியது. குழாயைத் திறந்தாள். முதலில் காற்று, பிறகு துருவேறிய தண்ணீர். அது தெளிகிற வரைக்கும் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் கழுவினாள். தூசி தட்டாத மெத்தையில் அப்படியே சாய்ந்தாள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. ஃபோன் அடித்தது, மகள்.

"போய்ச் சேந்துட்டியாம்மா? ஏதாவது சாப்பிட்டியா? இவர் கேக்கறார், அங்க—"

"நாளைக்குப் பேசறேன்டி" என்றாள் அவள். ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.